ஒன்றாம் போர்ட் யாருக்கு

போன வாரம் ரங்கூன் லான்மடாவ் பேட்டையில் இருக்கும் நம் டிஷ் கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தேன். வேலையை விட்டு ஓய்ந்தவனுக்கு அதுதான் ஆபீஸ். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு பெண், மேசை மேல் டைசெக் சுவிட்சுகளைக் கொட்டி வைத்துக்கொண்டு, "அங்கிள், கஸ்டமர் வீட்ல டிஷ் மூணு ஷீதே. நாலு போர்ட் சுவிட்ச் போதுமா, இல்ல எட்டு போர்ட்டா போட்டுரவா?" என்று கேட்டாள். மூன்று டிஷ் இருக்கிறதாம். தமிழில் பாதி, பர்மா பாஷையில் பாதி. உங்கள் வயதுக்காரர்களுக்குத் தமிழ் அப்படித்தான் வருகிறது, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

நான், "அந்த வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று திருப்பிக் கேட்டேன்.

பெரிசுக்கு மறை கழன்றுவிட்டது என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு மறை கழன்றதா இல்லையா என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

சுவிட்ச் என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. ஆனாலும் நேற்றுச் சேர்ந்தவர்களும் இருக்கிறீர்கள், அதனால் இரண்டு வரி. வீட்டில் ரிசீவர் ஒன்று, அதற்குள் போகும் ஒயரும் ஒன்று. மாடியில் டிஷ் பல, ஒவ்வொன்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் உட்கார்ந்திருக்கும் சின்ன டப்பாதான் சுவிட்ச். ரிசீவர் கீழேயிருந்து "மூணாம் நம்பரைக் கொடு" என்று ஆர்டர் போட்டால், அது மூன்றாம் போர்ட்டில் இருக்கும் டிஷ்ஷை இழுத்துக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

ஒரு சங்கதியை மட்டும் மறக்காதீர்கள். நம் கடையில் விற்ற சுவிட்சுகள் எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறேன்: ஆர்டர் காதில் விழாவிட்டால், அது போய் ஒன்றாம் போர்ட்டில் உட்கார்ந்துகொள்ளும். மின்சாரம் போய் வந்தாலும் ஒன்று. ரிசீவர் அனுப்பும் வோல்ட் குறைந்தாலும் ஒன்று. மழையில் கனெக்டர் பச்சை பிடித்துப் பாதி செத்துப்போனாலும் அப்படித்தான். வீட்டில் எல்லாம் மக்கர் பண்ணும் நேரத்தில் எந்த டிஷ் மிச்சம் இருக்குமோ, அதுதான் ஒன்றாம் போர்ட்டில் இருக்கும் டிஷ். அதனால்தான் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

இதை எனக்குச் சொன்னவர் அந்தக் காலத்துக் கடை முதலாளி. தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்க்காரர் குடும்பம், ரங்கூனில் துணி விற்று, ரேடியோ விற்று, கடைசியில் டிஷ்ஷுக்கு வந்தவர்கள். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் வீட்டுப் பேச்சில் அண்ணன். அப்போது கடை வாசலில் கம்பி வலை டிஷ்கள் சுவரோரம் அடுக்கடுக்காகச் சாய்ந்திருக்கும். ஒரு டிஷ்ஷைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் மல்லாத்தி ஏற்றி, நான் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடுவேன். தெருவில் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள், சாமி புறப்பாடு மாதிரி. மாடியில் ஏறி நின்றால் சுற்றிலும் டிஷ், டிஷ், நடுவே தங்கக் கோபுரம். நம் ஊருக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேலேதான் செயற்கைக்கோள்கள் என்பதால் எல்லாம் வானத்தைப் பார்த்து மல்லாந்தே கிடக்கும். கொஞ்சம் மேற்கே, இந்தியச் செயற்கைக்கோளைத் தேடிச் சாய்ந்திருந்தால் அது நம்மவர்கள் வீடு என்று ஏணியில் இருந்தபடியே சொல்லிவிடுவேன். அந்த மாடிகளை இப்போது நினைத்தாலும் நெஞ்சுக்குள் இனிக்கிறது.

நானாவுக்குச் சுவிட்சைக் குற்றம் சொன்னால் பிடிக்காது. "அது வாயில்லா ஜீவன், தம்பி. நாலு பேரு நாலு பக்கம் இழுக்குற வீட்டுல அதுவும் என்னதான் பண்ணும்?" என்பார். புதிதாக ஒயர் இழுக்கப் போகும்போதெல்லாம் வீட்டில் யார் இருக்கிறார்கள், பகலில் யார் தனியாக இருக்கிறார்கள், ரிமோட் யார் கையில் என்று விசாரித்துவிட்டுத்தான் சுவிட்ச் எடுத்துக் கொடுப்பார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி கேட்கிறாரே என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

இப்போது தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு வீட்டுக்கு வருகிறேன்.

ஊ தான் வின் என்று ஒருவர். பெரியவர்களுக்குப் பெயருக்கு முன்னால் ஊ, பெண்களுக்கு டோ, அது இந்த ஊர் மரியாதை. தாய் தகப்பன் வைத்த பெயர் தனவேல். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஓசைக்குப் பொருத்தமாக ஒரு பர்மாப் பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. குமாஸ்தாவாக இருந்தவர். மனைவி டோ கின் மே, பர்மாக்காரர், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஒரே மகன், அவனுக்கும் தெரியாது. வீட்டில் பேச்செல்லாம் பர்மா பாஷைதான். மூன்று டிஷ் நான்தான் போட்டேன். ஒன்றாம் போர்ட்டில் உள்ளூர்ச் சானல்கள், அதில்தான் டோ கின் மே காலையில் பிக்குகளின் உபதேசம் கேட்பார். இரண்டில் மகனுக்குப் பந்து விளையாட்டு. மூன்றில் தமிழ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊ தான் வின் அதைப் போட்டுக்கொண்டு உட்காருவார். "உங்க சொந்தக்காரங்க கத்த ஆரம்பிச்சிட்டாங்க," என்று டோ கின் மே சிரித்துக்கொண்டே எழுந்து போவார்.

பிறகு ஊ தான் வின்னுக்கு வாதம் அடித்தது. வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போய், கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றிரண்டு சத்தம் திரும்பி வந்தது. கட்டிலை டிவி இருக்கும் அறையில் போட்டார்கள். ஆள் நாள் முழுக்கத் தமிழ்ச் சானலையே பார்த்துக்கொண்டு கிடந்தார், அதில் ஓர் அமைதி இருந்தது என்று மகன் சொன்னான்.

கொஞ்ச நாளில் புகார் வந்தது. சாயங்காலமானால் தமிழ் வருவதில்லை, திரை நீலமாகிவிடுகிறது. நான் காலையில் போனேன். தமிழ் அருமையாக வந்தது. சந்தேகத்துக்குச் சுவிட்சை மாற்றிவிட்டு வந்தேன். மறுபடியும் புகார். மறுபடியும் காலையில் போனேன், மறுபடியும் எல்லாம் நன்றாக இருந்தது. ஊ தான் வின் என்னைப் பார்த்து இடது கையைத் தூக்குவார், வாய் திறக்கமாட்டார்.

அப்புறம் ஒரு நாள் மகன் கடைக்கே வந்துவிட்டான். "சயா, அந்த மூணாவது டிஷ்ஷை எடுத்துருங்க," என்றான். கை வேலை தெரிந்தவனை சயா என்று கூப்பிடுவது நம் ஊர் மரியாதை. "சாயங்காலம் அது நின்னுபோனா அப்பா கொதிக்கிறாரு. முகமெல்லாம் சிவந்து, கட்டிலை அடிக்கிறாரு. அம்மா பயந்து போயிருக்காங்க. அது இருந்தாத்தானே ஏக்கம்? இல்லாமப் போனா மறந்துருவாரு."

நான் நானாவைப் பார்த்தேன். டிஷ்ஷை இறக்குவது ஒரு ஸ்பானர் வேலை. ஆனால் அந்த மனுஷனுக்குக் காதில் விழும் தமிழ் அது ஒன்றுதான். அதையும் நானே கழற்றி எடுத்துக்கொண்டு வரவேண்டும். வாடிக்கையாளர் கேட்கிறார், வீட்டுப் பிள்ளை, அப்பாவின் உடம்புக்காகக் கேட்கிறான். மாட்டேன் என்று சொல்ல நான் யார்?

நானா மகனிடம், "வந்து எடுத்துருவான், கவலைப்படாதீங்க," என்று அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "மணி, நீ போற நேரமெல்லாம் அது சுகமா இருக்கு. நோய் வர்ற நேரத்துக்குப் போயேன். ஸ்பானர பையிலயே வச்சிக்க. முதல்ல உக்காந்து பாரு."

அப்படித்தான் ஒரு சாயங்காலம் போனேன். பல நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்த நாள். தின்கன்ஜூன் தெரு முழுக்க எல்லோர் வீட்டிலும் துணி காய்ந்துகொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. வீட்டில் இன்வெர்ட்டரில் ரிசீவரும் டிவியும் ஓடின. நான் போனபோது தமிழ் வந்துகொண்டிருந்தது. ஊ தான் வின் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் சுவரில் இருக்கும் சுவிட்சைப் பார்க்கலாம் என்று போனால், சந்தின் குறுக்கே கொடி. கொடி நிறைய டோ கின் மேயின் தமேய்ன்கள், பெண்கள் கட்டும் லுங்கிகள். நான் நெற்றியில் விபூதி பூசுகிற ஆள்தான். ஆனால் ரங்கூனில் பிறந்து வளர்ந்த ஆம்பளை. பெண்கள் தமேய்ன் காயும் கொடிக்குக் கீழே குனிந்து போனால் ஆம்பளையின் பெருமை குறைந்துவிடும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த உடம்பு, எனக்கும் கால் எழவில்லை. திரும்பி வந்து, "அமா, கொடியில துணி இருக்கு," என்று தலையைச் சொறிந்தேன். அமா என்றால் அக்கா.

டோ கின் மே நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, மறந்துட்டேன் சயா. இதோ எடுத்துர்றேன். நீங்க இவர்கிட்ட கொஞ்சம் உக்காருங்க. இந்த நேரத்துலதான் இவருக்கு ஆரம்பிக்கும்."

"என்ன ஆரம்பிக்கும்?"

"சூடு. உடம்பெல்லாம் எரியுது போல. சூடு சூடுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. பின்னந்தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவாரு. நானும் ஈரத்துணி வைக்கிறேன், ஃபேனை முகத்துக்கு நேரா வைக்கிறேன். வெயில் இறங்குற நேரத்துல என்ன சூடோ தெரியல. விழுந்ததுக்கப்புறம் அவர் வாயிலேர்ந்து தெளிவா வர்றது அந்த ஒரு வார்த்தைதான்."

சொல்லிக்கொண்டே பெரிய ஃபேனை இழுத்து வந்து, இன்வெர்ட்டரிலேயே செருகிச் சுற்றவிட்டுவிட்டுக் கொடிக்குப் போனார். ஃபேன் வேகம் பிடித்ததும் டிவி ஒரு தரம் மினுக்கியது. சானல் போய்த் திரை நீலமானது. நான் எழுந்துபோய் ரிமோட்டில் உள்ளூர்ச் சானலைப் போட்டேன். அது வந்தது. மூன்றாம் போர்ட்டைப் போட்டால் நீலம். பேட்டரியோ பழசு, ஃபேனோ அதை உறிஞ்சுகிறது. ரிசீவருக்கு வலு குறைந்தால் மேலே போகும் வோல்ட்டும் குறையும், சுவிட்சின் காதில் ஆர்டர் விழாது. அது போய் ஒன்றில் உட்கார்ந்துகொண்டது. காலையில் மின்சாரம் இருக்கும், ஃபேன் வேண்டாம், தமிழ் வரும். நான் காலையிலேயே போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த டப்பாவைச் சந்தேகப்பட்டதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, பின்னால் சத்தம் கேட்டது.

"பூ."

திரும்பிப் பார்த்தேன். ஊ தான் வின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, எச்சில் வழிய, முழு பலத்தையும் திரட்டி மறுபடியும் சொன்னார். "பூ." இடது கையைத் தூக்கிப் பின்னந்தலையைத் தொட்டார்.

உங்களுக்குத் தெரியும், பர்மா பாஷையில் பூ என்றால் சூடு. நாம் எல்லோரும் நாளுக்கு நூறு தரம் சொல்கிற வார்த்தை. அவர் முகத்தைப் பார்த்தேன். வேர்வை ஒரு பொட்டு இல்லை. கை தலையைத் தொட்ட விதமும் நோவைக் காட்டுகிற மாதிரி இல்லை. கொண்டை இருக்கும் இடத்தில், எதையோ செருகுகிற மாதிரி, விரலைக் குவித்துத் தொட்டார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். தமிழில் கேட்டேன். "என்ன பூ, ஐயா?"

அவர் கண் நிறைந்துவிட்டது. உதடு எதையோ தேடியது. கடைசியில் வந்தது.

"அவளுக்கு."

கொடிப் பக்கம் கையைக் காட்டினார். சன்னல் வழியாக டோ கின் மே தெரிந்தார், கையில் துணிக்குவியலோடு, முதுகைக் காட்டிக்கொண்டு. நரைத்த கொண்டை வெறுமையாக இருந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை ஏன் மறைக்கவேண்டும்.

இந்த இடத்தில் நான் ஒரு முடிவு எடுக்கவேண்டியிருந்தது. ஃபேனைப் பிடுங்கினால் தமிழ் வந்துவிடும், சுவிட்ச் நல்ல சுவிட்ச், டிஷ்ஷை எடுக்கத் தேவையில்லை என்று மகனிடம் போன் போட்டுச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். வந்த வேலை அதோடு முடிந்தது. ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி நடுவே புகுந்து பேச ஒயர்காரனுக்கு என்ன உரிமை? அதுவும், இத்தனை நாள் அந்த அம்மா ஈரத்துணி பிழிந்து பிழிந்து வைத்தது எல்லாம் தப்பு என்று சொல்வது மாதிரி ஆகிவிட்டால்? உண்மையாகவே பயந்தேன்.

டோ கின் மே துணியோடு உள்ளே வந்தார். "கொடி காலியா இருக்கு, சயா. போய்ப் பாருங்க."

"சுவிட்ச் நல்லா இருக்கு, அமா. ஃபேன் பேட்டரியை இழுக்குது, பேட்டரி இறங்கினா ஒன்னாம் நம்பர் மட்டும்தான் மிஞ்சும்," என்றேன். "அவர் சூடுன்னு சொல்லல."

"பின்னே? என் காதால கேக்குறேனே."

"அது எங்க பாஷை. எங்க பாஷையில பூன்னா பன்."

பன் என்றால் பர்மா பாஷையில் மலர். டோ கின் மே புரியாமல் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பன்னா? எதுக்கு? சாமிக்கு வைக்கவா? வச்சிருக்கேனே." புத்தர் மாடத்தைக் காட்டினார். அங்கே பூ இருந்தது.

"உங்களுக்கு," என்றேன். "உங்க தலைக்கு."

அந்த அம்மா துணிக்குவியலைக் கீழே வைக்கவில்லை. அதை மாரோடு அணைத்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்லச் சொன்னார். "ஆபீஸ் விட்டு வரும்போது பஸ் ஸ்டாப்புல மல்லி வாங்கிட்டு வருவாரு. கல்யாணமான நாள்லேர்ந்து. இந்த நேரத்துக்குத்தான் வருவாரு. இவர் விழுந்தப்புறம் யார் வாங்குறது? நோயாளி வீட்டுல எனக்கு எதுக்குப் பூன்னு நானும் விட்டுட்டேன்."

கட்டிலிலிருந்து இன்னொரு தரம் வந்தது. "பூ."

டோ கின் மே நடந்துபோய் ஃபேனை நிறுத்தினார். ரிமோட்டை எடுத்து நானே மூன்றாம் போர்ட்டைப் போட்டேன். கொஞ்சம் திணறிவிட்டுத் தமிழ் வந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அந்த அம்மா கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் கொண்டையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

நான் பின்பக்கம் போய்ச் சும்மா நின்றேன். வேலை ஒன்றும் இல்லை. சுவிட்ச் மூடியைத் திறந்து மூடினேன். சற்று நேரத்தில் டோ கின் மே சன்னலுக்கு வந்தார். மூக்கைச் சிந்திக்கொண்டு, "சயா, பேட்டரி மறுபடியும் இறங்கினா ஒன்னாம் நம்பர்தானே மிஞ்சும்னு சொன்னீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப அதுல அவரோடதை மாட்டுங்க. உபதேசம் நான் கரண்ட் இருக்கறப்ப கேட்டுக்கறேன். புத்தர் கோவிச்சுக்க மாட்டாரு."

இரண்டு ஒயரைக் கழற்றி மாற்றி மாட்டினேன். ரிசீவரிலும் மாற்றிக் கொடுத்தேன். நான் வேலை பார்த்த வருஷங்களில் அதைவிடச் சின்ன வேலை எதுவும் செய்ததில்லை. கடைக்கு வந்து நானாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "மல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நாலு போர்ட்டா எட்டு போர்ட்டா என்பது பெட்டியைப் பார்த்துச் சொல்லக்கூடியது. மூன்று டிஷ்ஷுக்கு நாலு போர்ட் போதும், அதற்குப் பதில் சொல்ல நான் வேண்டாம். தேவையில்லாமல் இரண்டு சுவிட்சை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் இரட்டைத் தலைவலி, அதையும் நீங்கள் இரண்டு மழைக்காலத்தில் கற்றுக்கொள்வீர்கள். ஆனால் எதை ஒன்றில் மாட்டுவது என்பது எந்தப் பெட்டியிலும் அச்சடித்திருக்காது. அதற்கு உள்ளே போய் உட்காரவேண்டும், அதுவும் கோளாறு வருகிற நேரத்தில். அந்த வீட்டில் எல்லோரும் என்ன பாஷையில் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுக்கவேண்டும். உங்களுக்கு இரண்டு பாஷையும் அரைகுறையாகவாவது தெரியும். நம் தொழிலில் அது பெரிய சொத்து, விட்டுவிடாதீர்கள்.

அடுத்த கோடையில் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய நாட்கள், தார் உருகுகிற வெயில். ஊ தான் வின் எப்படி இருக்கிறார் என்று எட்டிப் பார்க்கப் போனேன். மின்சாரம் இல்லை. டிவியில் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் தெளிவாக இருந்தது. நான் நாற்காலியில் பொத்தென்று விழுந்து, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி, வாய்ப் பழக்கத்தில், "அப்பப்பா, பூ... பூதே, அமா!" என்றேன். என்ன சூடு என்று.

வேறு யாராவது இருந்தால் விசிறியை எடுத்து நீட்டியிருப்பார்கள். டோ கின் மே சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பி, மல்லி வைத்த கொண்டையைக் காட்டினார்.